காணாமற்போன தொண்ணூற்று மூன்று அழுத்தங்கள்

2024 நவம்பர் 11, திங்கட்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு, பேரணாம்பட்டில் மக்பூல் அகமது என்பவரின் தோல் பதனிடும் டேனரியில் ஓடிக்கொண்டிருந்த பாய்லர் நிறுத்தப்பட்டு, அதற்கு அரக்கு சீல் வைக்கப்பட்டது.

சீல் வைக்க மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருவர் அரக்கை உருக்கினார். ஒருவர் நோட்டீஸ் ஒட்டினார். மூன்றாமவர் இருவரையும் படம் எடுத்தார். வைத்த அரக்கு இரண்டு முறை உருகி வழிந்து தரையில் விழுந்தது. பாய்லர் இவ்வளவு சூடாக இருக்கும் என்று தங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்படவில்லை என்று அவர்கள் ஒரு தாளில் எழுதி, பாய்லர் அட்டெண்டரான பாண்டியனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு பாய்லர் ஆறும்வரை உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

நோட்டீஸ் வேலூரிலுள்ள அழுத்த அலகுகள் ஒருமைப்பாட்டு மண்டல அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. "தங்கள் பாய்லரின் அழுத்தம் 100 என்று சென்ற ஆண்டு அறிக்கை அளித்திருந்தீர்கள். இவ்வாண்டு 7 என்று அளித்துள்ளீர்கள். இடைப்பட்ட காலத்தில் காணாமற்போன 93 அழுத்தங்கள் குறித்து உரிய விளக்கம் அளித்துச் சான்று பெறும் வரை பாய்லரை இயக்கக் கூடாது."

நடந்தது இதுதான். பாய்லரின் தலையில் வட்டமான ஒரு கேஜ் இருக்கிறது. அதில் ஒரே முள். ஆனால் முள்ளைச் சுற்றி இரண்டு வரிசை எண்கள். வெளி வரிசை கறுப்பு, அது கிலோ. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தை எத்தனை கிலோ எடை அழுத்துகிறது என்ற கணக்கு. உள் வரிசை சிவப்பு, அது பவுண்டு. ஒரு சதுர அங்குலத்தை எத்தனை பவுண்டு அழுத்துகிறது என்ற கணக்கு. முள் கறுப்பில் ஏழைக் காட்டும்போது சிவப்பில் நூறைக் காட்டும். சென்ற ஆண்டு படிவத்தை நிரப்பிய குமாஸ்தா சிவப்பைப் பார்த்து எழுதினார். இந்த ஆண்டு அவர் இல்லாததால் பாண்டியன் நிரப்பினார். கறுப்பைப் பார்த்து எழுதினார். படிவத்தில் "அழுத்தம்" என்று மட்டும் போட்டு ஒரு கட்டம் இருந்தது. எந்த அலகில் என்று எழுத இடம் இல்லை. அலகுகளுக்காகவே ஏற்பட்ட அலுவலகம் என்பதால் அவர்களுக்கு அது தெரிந்திருக்கும் என்று பாண்டியன் நினைத்துவிட்டார்.

பாய்லரைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் மே மாதமே வந்து, தட்டிப் பார்த்து, ஏழு கிலோ வரை ஓட்டலாம் என்று சான்றிதழ் கொடுத்திருந்தார். அந்தச் சான்றிதழைக் காட்டியபோது, அது பாய்லருக்கு, இது அலகுக்கு என்று படம் எடுத்தவர் சொன்னார்.

அன்று டிரம்மிலிருந்து இறக்கிய ஆட்டுத்தோல்கள் ஆயிரத்து நூற்று நாற்பது, சாயம் ஏறி ஈரமாகப் பலகைகளில் கிடந்தன. அந்த வார வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவை ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரிக்குப் போய்ச் சேர வேண்டும். வெயிலடித்தால் கயிற்றில் கட்டிக் காயவைக்கலாம். நாலு நாளாக மழை. ஸ்டீம் டிரையரில் மட்டுமே காயவைக்க முடியும். டிரையர் பாய்லரிலிருந்து இருநூறு அடி தள்ளி இருக்கிறது, குழாய் பழையது. பாய்லரில் ஆறரைக் கிலோவுக்குக் கீழே போனால், டிரையருக்குப் போய்ச் சேர்வதற்குள் ஸ்டீம் தண்ணீராகிவிடும். தோல் ஈரமாகவே கிடந்தால் ஆறாம் நாள் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த தோல் சாயத்தோடு போயிற்று.

"பாண்டியா, நூறு எழுதுனா இன்னா, ஏழு எழுதுனா இன்னா, போன வருஷம் எழுதுனதயே பாத்து எழுதித் தொலைய வேண்டியதுதானே?" என்றார் மக்பூல் அகமது. அவருக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு முறை ஹஜ் போய் வந்தவர்.

"முள்ளு ஏழுல நின்னுது பாய். நான் ஏழுன்னு எழுதுனேன்."

"முள்ளு சொல்றத எல்லாம் கவர்மெண்டுக்கு எழுதுவியா?"

டிரையர் பகுதியில் வேலை செய்யும் மீனாம்பாள் தோல்களைப் புரட்டிப் போட்டபடியே சொன்னாள். "நாளைக்குக் காலைல மொத பஸ்ஸப் புடிச்சி போ. போயி, தொண்ணூத்தி மூணும் கெடச்சிட்சின்னு சொல்லிட்டு வா. கெடச்சிதுன்னா ஆரு வேணான்னு சொல்லப்போறான்?"

செவ்வாய்க்கிழமை பாண்டியன் குடியாத்தம் வழியாக வேலூர் போனார்.

ஒருமைப்பாட்டு அலுவலகம் முன்பு கல்யாண மண்டபமாக இருந்த ஒரு கட்டிடத்தில் இயங்கியது. தோல் ஊர்களில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் அலகில் அழுத்தத்தைச் சொல்கிறார்கள், எல்லாரையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதற்காக நாலு வருஷத்துக்கு முன் தொடங்கப்பட்டது. அதற்காக அலகுக்கு ஒன்றாக நாலு பிரிவுகள் ஏற்படுத்தியிருந்தார்கள். மணமகள் அறையில் கிலோ பிரிவு. மணமகன் அறையில் பவுண்டு பிரிவு. சாப்பாட்டுக் கூடத்தில் பார் பிரிவு. சமையலறையில் பாஸ்கல் பிரிவு. மண்டல ஒருமையாளர் குணசீலன் மேடையில், முன்பு மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்த இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் சுவரில் ஜிகினா எழுத்துகள் உரிக்கப்பட்ட தழும்பு தெரிந்தது.

கிலோ பிரிவில் ஷர்மிளா என்ற அலுவலர் இருந்தார். முப்பது வயதிருக்கும். மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"மேடம், அது எங்கியும் காணாம போவல. நூறு பவுண்டும் ஏழு கிலோவும் ஒண்ணுதான்."

"நூறும் ஏழும் ஒண்ணா?"

"ஆமா மேடம்."

"இது தெரியாம நான் கணக்குல ரெண்டு தடவ ஃபெயிலாயிட்டேனே."

பாண்டியன் கைபேசியில் எடுத்து வந்திருந்த கேஜின் படத்தைக் காட்டினார். ஷர்மிளா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். "முள்ளு ஒண்ணு, நம்பர் ரெண்டு. இதுல எது பொய்?"

"ரெண்டும் நெஜம் மேடம்."

"அத நீங்க சொல்லக் கூடாது, நாங்க சொல்லணும்," என்று அவர் விளக்கினார். விதிப்படி, ஒருவர் சொல்லும் அழுத்தம் உண்மையா என்று அறிய அதை எல்லா அலகுகளுக்கும் மாற்றிப் பார்த்து, கடைசியில் புறப்பட்ட அலகுக்கே கொண்டுவர வேண்டும். கிலோவிலிருந்து பவுண்டு, பவுண்டிலிருந்து பார், பாரிலிருந்து பாஸ்கல், பாஸ்கலிலிருந்து கிலோ. இதற்குச் சரிபார்ப்புச் சுற்று என்று பெயர். கடைநிலை ஊழியர் விடுப்பில் இருப்பதால் கோப்பை மனுதாரரே அறை அறையாகத் தூக்கிப் போகலாம். அப்படிப் போனால் ஒரே நாளில் முடியும்.

ஒரு புதுக் கோப்பை எடுத்து, மேலே "ஏழைச் சரிபார்த்தல்" என்று எழுதினார். பாண்டியன் அது தன்னைப் பற்றியது என்று எண்ணிச் சிறிது நேரம் வருத்தப்பட்டார்.

பவுண்டு பிரிவின் தணிகாசலத்துக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. "பவுண்டு வெள்ளக்காரன் அலகு. அத ஒழிக்கறதுக்குத்தான் இந்த செக்ஷன்," என்றார்.

"அப்ப இங்க வராமயே நேரா பாருக்குப் போயிடலாமே சார்?"

"எப்டி போவ? ஒழிக்கணும்னா மொதல்ல அது பவுண்டா இருக்கணும் இல்ல? எல்லாத்தையும் நாங்க பவுண்டா மாத்துறோம். மாத்திட்டு ஒழிக்கறோம். போன வருஷம் மட்டும் நாலாயிரம் பவுண்டு ஒழிச்சோம்." கணக்கு மெஷினில் தட்டினார். "ஏழு கிலோவுக்கு தொண்ணூத்தொம்போது புள்ளி அஞ்சி ஆறு. தொண்ணூத்தொம்போது."

"நூறு சார் அது. அரைக்கு மேல வந்தா…"

"புள்ளிக்குப் பின்னாடி வர்றது கவர்மெண்டுக்குப் பொறுப்பில்ல. கம்ப்யூட்டர்ல புள்ளி போட எடமே கிடையாது. வெட்டிரணும். மேல ஏத்துனா வெடிச்சிரும்னு சர்க்குலர் இருக்கு."

சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி மேசைகளுக்கு நடுவே பார் பிரிவின் நயீம் அகமது உட்கார்ந்திருந்தார். ஆம்பூர்க்காரர். பேரணாம்பட்டு என்றதும் எழுந்து கை கொடுத்தார். மக்பூல் அகமதுவைத் தன் மாமனாருக்குத் தெரியும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஊர்ல ஆராச்சும் கேட்டா, என்ன பாஸ்கல் செக்ஷன்ல பாத்தேன்னு சொல்லுங்க. வீட்ல அப்டித்தான் சொல்லி வெச்சிருக்கேன். பார் செக்ஷன்னு சொன்னா மாமனாருக்கு யாரு வெளக்கறது?"

அவர் கணக்குப் போட்டார். பதினாலரைப் பவுண்டு ஒரு பார். தொண்ணூற்றொன்பது பவுண்டுக்கு ஆறு புள்ளி எட்டு இரண்டு. எட்டையும் இரண்டையும் வருத்தத்தோடு வெட்டினார். "ஆறு. மனசு கேக்கலதான். ஆனா சர்க்குலர்."

சமையலறையில் பாஸ்கல் பிரிவின் நாற்காலியில் ஷர்மிளா உட்கார்ந்திருந்தார். அந்தப் பணியிடம் காலி என்பதால் கூடுதல் பொறுப்பு. பாண்டியனைப் பார்த்து, "எங்கேருந்து வர்றீங்க?" என்றார்.

"மேடம், காலைல நீங்கதானே…"

"அது கிலோ பிரிவு. இங்க புதுசா சொல்லணும்."

பாண்டியன் புதிதாகச் சொன்னார். ஒரு பார் நூறு கிலோ பாஸ்கல் என்பதால் ஆறு பாருக்கு அறுநூறு வந்தது. இதில் வெட்ட ஒன்றும் இல்லை. ஆனால் "கிலோ பாஸ்கல்" என்பதில் கிலோ இருந்தது. கிலோ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கிலோ பிரிவின் ஆட்சேபனையின்மைக் கடிதம் வேண்டும். ஷர்மிளா கடிதம் எழுதினார், எழுந்து மணமகள் அறைக்குப் போனார், அதைப் பெற்றுக்கொண்டார், ஆட்சேபனை இல்லை என்று பதில் எழுதினார், திரும்பி வந்து அதை வாங்கிக்கொண்டார். "கிலோல இன்னிக்கு சீக்கிரமா குடுத்துட்டாங்க," என்றார்.

அறுநூறு கிலோ பாஸ்கலைக் கிலோவாக்கியபோது ஆறு புள்ளி ஒன்று ஒன்று வந்தது. வெட்டினார். ஆறு.

"மேடம், நான் ஏழு எடுத்துக்கினு வந்தேன்."

"இப்ப ஆறுதான் இருக்கு. பாக்கி ஒண்ணு ஆதாரம் இல்லாததுன்னு தெரிஞ்சிடுச்சு. ஆறுக்கு சான்று குடுத்தா வேணாங்கறீங்களா?"

"ஆறுல டிரையருக்கு ஸ்டீம் போவாது மேடம். ஆறரையாச்சும் வேணும்."

"அப்ப மேல்முறையீடு போடுங்க. நாளைக்கு வாங்க."

அதே பகல் ஒன்றரை மணிக்கு, பேரணாம்பட்டில் லுஹர் தொழுகை முடிந்து மக்பூல் அகமது நண்பர்களோடு பள்ளிவாசல் வெளியே நின்றிருந்தார். அவருடைய கைபேசி கூவியது. ஒவ்வொரு பிரிவும் வேலையை முடித்ததும் உரிமையாளருக்குத் தகவல் அனுப்பும் வசதியை ஒருமைப்பாட்டு அலுவலகம் ஏற்படுத்தியிருந்தது. கண்ணாடி கொண்டுவராததால் பக்கத்தில் நின்றவரிடம் படிக்கக் கொடுத்தார். அவர் உரக்கப் படித்தார்.

"வாழ்த்துகள்! மக்பூல் அகமது அவர்களே, தங்களுக்கு 6 பார் அனுமதிக்கப்பட்டுள்ளது."

நண்பர்களில் ஒருவர், "ஹாஜியாரே, ஒண்ணு ரெண்டு இல்ல, ஆறா?" என்றார்.

பாண்டியன் திரும்பி வந்தபோது மக்பூல் அகமது வாசலிலேயே நின்றிருந்தார். "அரே பாண்டியா, உன்ன எதுக்கு அனுப்புனேன்? நீ எனுக்கு இன்னா வாங்கிக்கினு வந்திருக்கே?"

"அது பார் இல்ல பாய், பார்."

"அதத்தான் அவனும் படிச்சான்!"

புதன்கிழமை பாண்டியன் மேல்முறையீடு செய்தார். ஏழிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டதற்கு, அரசு ஏற்றுக்கொண்ட எண் ஆறு, அதிலிருந்துதான் தொடங்க முடியும் என்றார்கள். ஆறு கிலோவுக்கு எண்பத்தைந்து பவுண்டும் கொஞ்சமும் வந்தது, கொஞ்சம் வெட்டப்பட்டது. எண்பத்தைந்து பவுண்டுக்கு ஐந்தே முக்கால் பாருக்கு மேல் வந்தது, ஐந்து. ஐந்நூறு கிலோ பாஸ்கல். திரும்பி வந்தபோது ஐந்து கிலோ.

வியாழக்கிழமை மறுபடி மேல்முறையீடு. நாலு கிலோ.

பேரணாம்பட்டில் ஐந்து பார் செய்தி வந்ததும், ஹாஜியார் ஒன்றை மூடிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். நாலு பார் வந்ததும், மனம் திருந்துகிறார், துஆ செய்வோம் என்றார்கள்.

"நீ இனிமே போவாத," என்றாள் மீனாம்பாள். அவளும் இன்னும் ஐந்து பெண்களும் நாலு நாளாகத் தோல்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு டேபிள் ஃபேன்கள் சுற்றின. "ஒவ்வொரு வாட்டி போவச்சொல்லவும் ஒரு கிலோவ உட்டுட்டு வர்ற. இன்னும் நாலு வாட்டி போனியானா பாய்லரே இல்லன்னு எழுதிக் குடுத்துருவானுங்க." ஒரு தோலை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். "வாட வருது பாரு. ஞாயித்துக்கெழமைக்குள்ள பூத்துரும்."

"போவலன்னாலும் பூத்துரும் மீனாம்மா."

"அதுவுஞ் சரிதான். போ. ஆனா வாயத் தொறக்காத. நீ வாயத் தொறந்தா கொறையுது."

வெள்ளிக்கிழமை கோப்பு நகரவில்லை. அன்று அழுத்த விழிப்புணர்வு நாள். பிரிவுகள் எல்லாம் மூடப்பட்டு, மண்டபத்தில் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. வெவ்வேறு வேலையாக வந்திருந்த நாற்பது பேரை வெளியே போகவிடாமல் உட்காரவைத்துப் பார்வையாளர்களாக்கினார்கள். முதலில் உறுதிமொழி. எல்லாரும் எழுந்து கையை நீட்டி, "அலகு இல்லாமல் எந்த எண்ணையும் சொல்ல மாட்டேன். எந்த அழுத்தத்தையும் மறைக்க மாட்டேன்," என்றார்கள். பின்வரிசையில் ஒருவர் டீக்காரரிடம் "ரெண்டு" என்று விரலைக் காட்டியபோது, உறுதிமொழியை மீறியதாக அவர் பெயர் குறிக்கப்பட்டது.

குணசீலன் மேடையில் இருந்தே பேசினார்.

"அன்பார்ந்த அழுத்தப் பயனாளிகளே! நான் பொறுப்பேற்றபோது இந்த மண்டலத்தின் மொத்த அழுத்தம் பத்தாயிரமாக இருந்தது. இன்று ஆறாயிரம். ஒரு வால்வைத் திருகவில்லை. ஒரு பாய்லரைத் தொடவில்லை. இந்தக் கட்டிடத்தை விட்டு வெளியே போகாமலே நாற்பது சதவீத அழுத்தத்தைக் குறைத்திருக்கிறோம்." கைதட்டுவதற்காக நிறுத்தினார். ஊழியர்கள் தட்டினார்கள். "சிலர் கேட்கிறார்கள், எல்லாரும் ஒரே அலகுக்கு எப்போது வருவோம் என்று. அவசரப்படக் கூடாது. ஒருமைப்பாடு என்றால் ஒன்றாக்குவது. ஒன்றாக்க வேண்டுமானால் பல இருக்க வேண்டும். எல்லாம் ஒன்றாகிவிட்டால் எதை ஒன்றாக்குவது? ஆகவே, நாலு அலகுகளையும் கண்ணைப் போலக் காத்து வருகிறோம். அடுத்த ஆண்டு ஐந்தாவதாகப் பாதரச மில்லிமீட்டர் பிரிவும் வரவிருக்கிறது. இடத்துக்காக வாழைமரம் கட்டும் முகப்பைப் பார்த்து வைத்திருக்கிறோம்."

பிறகு, யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார்.

பாண்டியனுக்குச் சந்தேகம் இருந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்பதும் நினைவில் இருந்தது. ஆனால் எந்த அழுத்தத்தையும் மறைக்க மாட்டேன் என்று அப்போதுதான் சத்தியம் செய்திருந்தார். பின்னால் இதற்கும் ஒரு நோட்டீஸ் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் எழுந்தார்.

"ஐயா, கேஜுல முள்ளு பூஜ்யத்துல நின்னாக்கூட, வெளிய காத்து ஒரு கிலோவுக்கு அமுக்கிக்கினுதான் இருக்குது. அட்டெண்டர் பரிச்சைக்குப் படிச்சோம். கேஜு அத காட்டாது. அந்தக் காத்த எந்தப் பிரிவுல காட்டணும்?"

குணசீலன் மைக்கிலிருந்து சற்று விலகினார். "காற்றுக்கு அழுத்தம் இருக்கிறதா?"

"இருக்குதுங்க."

"எங்கே?"

"எல்லா எடத்துலயும். இங்கியும் இருக்குது."

குணசீலன் மேலே பார்த்தார். பிறகு மேடைக்கு அருகில் உட்கார்ந்திருந்த தணிகாசலத்தைப் பார்த்தார். தணிகாசலம் ஆமாம் என்று தலையசைத்தார்.

"எத்தனை நாளாக?"

"ரொம்ப நாளாவே இருக்குதுங்க."

"நாலு வருஷமாக ஒரு கோப்பிலும் காட்டவில்லையே!" மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்து அவர் சொன்னார். அது அணைந்திருக்கவில்லை.

கூட்டம் உடனே முடிக்கப்பட்டது. மேடையில் அவசர ஆலோசனை நடந்தது. பாண்டியனை வெளியே போகச் சொல்ல யாருக்கும் தோன்றாததால் அவரும் அங்கேயே நின்றார். காற்று எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

"எங்க ரூம்ல ஜன்னலே கெடையாது சார். காத்து எப்டி வரும்?" என்றார் தணிகாசலம்.

"சாப்பாட்டுக் கூடத்துல நாலு பக்கமும் வருது. அதுக்காக நான் பொறுப்பாக முடியுமா?" என்றார் நயீம் அகமது.

ஷர்மிளா, கிலோ பிரிவு சார்பாக அது பாஸ்கல் பிரிவின் பொறுப்பு என்றும், பாஸ்கல் பிரிவு சார்பாகக் கிலோ பிரிவின் பொறுப்பு என்றும் சொன்னார்.

குணசீலன் இரண்டு நிமிடம் யோசித்தார். ஒரு பிரிவில் சேர்த்து, தணிக்கைக்கு வருகிறவர்கள் இன்னொரு பிரிவில் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டால் பதில் இருக்காது. "எல்லாப் பிரிவும் சேர்க்கட்டும். அவரவர் அலகில் அவரவர் காற்று. திங்கட்கிழமை முதல் அமல். முதல் கோப்பு…" பாண்டியனைப் பார்த்தார். "இவருடையது. நேர்மையாக ஒப்புக்கொண்டதற்காக."

ஞாயிற்றுக்கிழமை அடுக்கின் அடியில் இருந்த தோல்களில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. மீனாம்பாள் அவற்றைத் தனியே பிரித்து வைத்தாள்.

திங்கட்கிழமை காலை பாண்டியன் மணமகள் அறையில் நாலு கிலோவோடு நின்றார். ஷர்மிளா காற்றுக்கு ஒரு கிலோ சேர்த்து ஐந்தாக்கினார். தணிகாசலம் ஐந்து கிலோவை எழுபத்தொரு பவுண்டாக மாற்றினார். காற்றின் பதினாலு புள்ளி ஏழு பவுண்டில் புள்ளி ஏழை வெட்டிவிட்டு, பதினாலைச் சேர்த்தார். எண்பத்தைந்து.

ஷர்மிளா சேர்த்த காற்றையே இவரும் சேர்க்கிறார் என்பது பாண்டியனுக்குப் புரிந்தது. ஒரே காற்று. அட்டெண்டர் பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் அவர் தேறியிருக்க மாட்டார். "சார்…" என்றார்.

"இன்னாப்பா?"

பாண்டியனுக்கு மீனாம்பாள் தோலை முகர்ந்த முகம் ஞாபகம் வந்தது.

"ஒண்ணுமில்ல சார். உங்க ரூம்ல காத்தே இல்லன்னீங்களே, அதான்."

"ஆர்டர் வந்திட்ச்சி. இனிமே இருக்கு."

சாப்பாட்டுக் கூடத்தில் எண்பத்தைந்து பவுண்டு ஐந்து பார் ஆயிற்று. நயீம் அகமது அதில் ஒரு பார் காற்றைச் சேர்த்தார். ஆறு. "ஹாஜியாருக்கு மறுபடியும் மெசேஜ் போவும்," என்றார். "நான் வேணா போன் பண்ணி முன்னாடியே சொல்லிடட்டா?"

"வேணாம் சார். நீங்க எந்த செக்ஷன்னு கேப்பாரு."

நயீம் அகமது போனைக் கீழே வைத்தார்.

சமையலறையில் ஆறு பார் அறுநூறு கிலோ பாஸ்கல் ஆயிற்று. ஷர்மிளா தனக்குத் தானே ஆட்சேபனையின்மை வாங்கிக்கொண்டு, காற்றுக்கு நூற்றொன்று சேர்த்தார். எழுநூற்றொன்று. அதைக் கிலோவாக்கினார். ஏழு புள்ளி ஒன்று நாலு. புள்ளிக்குப் பின்னால் இருந்ததை வெட்டினார்.

"ஏழு," என்றார். திரையை மறுபடி பார்த்தார். "மொத நாள் நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஏழு மேடம்."

"அன்னிக்கே ஆதாரத்தோட சொல்லியிருக்கலாமே. எதுக்கு இத்தன நாள் அலைஞ்சீங்க?"

சான்றில் குணசீலன் கையெழுத்திட்டார். காணாமற்போன 93 அழுத்தங்கள் "காற்றில் கலந்திருந்தது கண்டறியப்பட்டு, மீட்கப்பட்டு, சரிசெய்யப்பட்டது" என்று அதில் எழுதியிருந்தது. மண்டலத்தில் மற்ற எழுபது பாய்லர்களின் கோப்புகளையும் மறுபடி திறந்து காற்றைச் சேர்க்க உத்தரவாயிற்று. மொத்த அழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எவ்வளவாக ஏறும் என்று கணக்கிட ஒரு குழு அமைக்கப்பட்டது.

பேரணாம்பட்டில் மறுபடி ஆறு பார் என்று செய்தி வந்ததும், பள்ளிவாசல் வெளியே இரண்டு பேர் மக்பூல் அகமதுவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாவது ஒருவர் தனியே அழைத்துப் போய், எந்த ஊரில் என்று விசாரித்தார்.

நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றேகால் மணிக்குச் சீல் அகற்றப்பட்டது. பிற்பகல் மூன்று மணிக்கு ஏழு கிலோ ஸ்டீம் வந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது தோல்களில் நூற்று அறுபத்து மூன்றில் பூசணம் ஏறியிருந்தது. மீதித் தொள்ளாயிரத்து எழுபத்தேழு தோல்கள் வியாழக்கிழமை மாலைக்குள் காய்ந்து, வெள்ளிக்கிழமை காலை லாரியில் ஆம்பூருக்குப் போயின.